ஓர் ஆறு, மூன்று பெயர்: அனுராதபுரத்திலிருந்து அரிப்பு வரை

இரண்டாம் வருசத்தில் ஒரு வெற்று வரைபடம் தந்து, பண்டைய இலங்கையின் முக்கியமான இடங்களைக் குறிக்கச் சொன்னார்கள். நாங்கள் ஐந்து பேரும் லைப்ரரியில் ஒரே மேசையில் இருந்து, ஆளையாள் பார்த்தெழுதி, அனுராதபுரத்துக்கு ஒரு புள்ளியும் மாந்தைக்கு ஒரு புள்ளியும் வைத்துக் கொடுத்தோம். ஐந்து பேப்பரும் ஒரே மாதிரித் திரும்பி வந்தன. இரண்டு புள்ளிக்கும் நடுவில் சிவப்புப் பேனையால் ஒரு வளைகோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஆறு. அதை ஒருத்தருமே கீறவில்லை.

இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு அது. 164 கிலோமீற்றர். தம்புள்ளைப் பக்கத்துக் குன்றுகளில் தொடங்கி, அனுராதபுரத்தை ஒட்டி ஓடி, மன்னாரில் அரிப்புக்கு அருகில் கடலில் விழுகிறது. பாளி நூல்களில் அதன் பெயர் கதம்ப நதி. சிங்களத்தில் மல்வத்து ஓயா. கீழே மன்னாருக்கு வந்தால் அருவி ஆறு. எங்களுக்கு மூன்று பெயரும் தனித்தனியே தெரிந்திருந்தது. மூன்றும் ஒரே தண்ணீர் எண்டுதான் தெரியாமல் இருந்தது. இது வெறும் பூகோளப் பிழை இல்லை எண்டு பிறகுதான் விளங்கியது. அனுராதபுரம் அவர்களுடையது, மாந்தை எங்களுடையது எண்டு பள்ளிக்கூடத்திலேயே மண்டைக்குள் ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்தக் கோடு இருக்கும் மட்டும் ஆற்றைக் கீற இடமில்லை.

அதனால் போன மாசியில், ஸ்டடி லீவு விட்டதும், ஆற்றோடு கீழே போய்ப் பார்ப்போம் எண்டு வெளிக்கிட்டோம். மூன்று பகல், இரண்டு இரவு. காசு குறைவு, பாணும் வாழைப்பழமும் கூட.

அனுராதபுரத்தில் இறங்கி முதலில் தூபிகளுக்குப் போகவில்லை. பாலத்துக்குப் போனோம். கீழே ஒருத்தர் சாரத்தோடு நின்று குளித்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருத்தி புத்தளத்தில் வளர்ந்தவள், அவளுக்குத்தான் வடிவாய்ச் சிங்களம் கதைக்க வரும். இந்த ஆறு எங்கே போகுது எண்டு கேட்கச் சொன்னோம். அவர் சவர்க்கார நுரையோடு கையை நீட்டி, "மன்னாரமட்ட" எண்டார், ஏதோ பக்கத்து வீட்டைக் காட்டுவது போல. மூன்று வருசம் வரலாறு படிக்கிற எங்களைவிட அவருக்கு அது தெரிந்திருந்தது.

அனுராதபுரத்தில் நாங்கள் தேடிப் போனது அபயகிரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கல்லை. சுற்றுலா ஆட்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் பிராமிக் கல்வெட்டு அது. மொழி பிராகிருதம். தமிழ் 'கஹபதி'களின், அதாவது தமிழ் இல்லறத்தாரின், மேடை இது எண்டு அது சொல்கிறது. பாறையைப் படி படியாய்ச் செதுக்கி, யார் யார் எங்கே இருப்பது எண்டு இருக்கைக்கு இருக்கை பெயரும் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் ஒன்று 'நாவிக' எண்ட அடைமொழியோடு வருகிறது. நாவிகன், கப்பல்காரன்.

இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. ஒருத்தன், "பாத்தியளா, இங்க நாங்கள் எப்பவோ இருந்திருக்கிறம்" எண்டு துள்ளினான். அவனை முழுக்கப் பிழை சொல்லவும் ஏலாது. கல் அதைத்தான் சொல்லுது. ஆனால் அதே கல் பிராகிருதத்தில் எழுதியிருக்கு, பௌத்த நகரத்தின் நடுவில் நிற்குது. ஊரில் மதிப்போடு இருந்த ஒரு வணிகக் கூட்டம் தங்களுக்கு ஒரு கூடுமிடம் கட்டியிருக்கிறது, அதற்காக யாரோடும் சண்டை பிடித்ததாகக் கல்லில் இல்லை. எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று: கடலில் இருந்து இவ்வளவு தூரம் உள்ளே, ஒரு கப்பல்காரனுக்கு ஏன் நிரந்தர இருக்கை? விடை ஆற்றில்தான் இருக்கு. பெரிய கப்பல் ஏறக்கூடிய ஆறு இல்லை இது, கோடையில் பாதி மணல். ஆனால் கரை வழியே நடந்தால் தண்ணீர் தப்பாது, வழியும் தப்பாது. தலைநகரத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையில் இதைவிட நல்ல றோட்டு வேறில்லை.

அந்த வழியால் நடந்து, நடந்ததை எழுதியும் வைத்த ஒருத்தர் இருக்கிறார். றொபேட் நொக்ஸ். 1660இல் மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது வருசத்துக்கு மேல் மலைநாட்டில் சிறையிருந்த ஆங்கில மாலுமி. 1679இல் கூட்டாளி ஸ்டீபன் றட்லண்டோடு சேர்ந்து, சில்லறைச் சாமான் விற்கும் வியாபாரி மாதிரி வடக்கே வந்து, அனுராதபுரத்தை அடைந்தார். அங்கேதான் எங்களுக்குச் சுவாரசியமான இடம் வருகிறது. அங்கிருந்த மக்கள் மலபாரிகள், தான் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை எண்டு எழுதுகிறார். மலபாரி எண்டு அந்தக் காலத்து ஐரோப்பியர் சொன்னது தமிழரை. சிங்களத் தலைநகரம் எண்டு நாங்கள் புள்ளி வைத்த இடத்தில் 17ஆம் நூற்றாண்டில் ஒரு ஆங்கிலேயன் சிங்களம் கதைத்து மாட்டிக்கொள்கிறான்! ஒரு ஊர் எப்பவும் ஒரே ஆட்களின் ஊராய் இருந்ததில்லை எண்டதுக்கு இதைவிட வேற சாட்சி எதற்கு.

அங்கிருந்து இருவரும் ஆற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். ஆறு கட்டாயம் கடலுக்குப் போகும், கடலோரம் ஒல்லாந்தர் இருப்பார்கள். அவ்வளவுதான் திட்டம். கரை நெடுக வெட்டிய கற்களும் தூண்களும் கிடந்ததை நொக்ஸ் குறிப்பிடுகிறார். கிட்டத்தட்ட ஒரு கிழமை நடந்து, 1679 ஒக்டோபர் 18ஆம் தேதி அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள்.

நாங்கள் நடக்கவில்லை. தலைமன்னார் ரெயினில் ஏறினோம். 1990இல் நின்றுபோய், 2015இல்தான் கடைசி வரைக்கும் திரும்ப ஓடத் தொடங்கிய பாதை அது. மதவாச்சியில் திரும்பி, செட்டிகுளம், மடு, முருங்கன் கழிந்ததும் ஒரு ஸ்ரேசன் வரும், மாதோட்டம் எண்டு போர்ட் போட்டு. ஒரு காலத்தில் அரபு, பாரசீக, சீனச் சரக்கெல்லாம் வந்திறங்கிய ஊரின் பெயர் அது. நாங்கள் பார்த்தபோது மேடையில் இரண்டு ஆடு நின்றது.

மாந்தை, மாதோட்டம், மகாதித்த: இந்த ஊருக்கும் பெயர் மூன்று. இருக்கிறது ஒரு மேடு, அதைச் சுற்றிக் குதிரை லாடம் மாதிரி வளைந்த இரட்டை அகழி. 1980இல் தொடங்கிய ஜோன் காஸ்வெல் குழுவின் அகழ்வு 1984இல் சண்டையால் நின்றது. முடிவுகள் புத்தகமாக வர 2013 ஆனது. பத்துப் பதினைந்து வயது மூத்த அண்ணாமாரிடம் கேட்டால், தாங்கள் படித்த காலத்தில் இந்தப் பக்கம் வரவே ஏலாது எண்டு சொல்வார்கள். சண்டை முடிந்த பிறகு நடந்த இன்னொரு அகழ்வின் மண்ணைச் சலித்தபோது கருகிய மிளகு மணிகளும், ஒரேயொரு கராம்பும் கிடைத்தன. கராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. அது விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். யாரோ ஒரு சமையல்காரரின் கையில் இருந்து அடுப்புக்குள் தவறி விழுந்து கருகியதால்தான் ஆயிரம் வருசம் தப்பியிருக்கு எண்டு நாங்களாக ஒரு கதை கட்டிக்கொண்டோம்.

மாந்தையின் மண்ணில் கல்வெட்டும் இரண்டு மொழியிலும் இருக்கு. இராசராச சோழனின் ஆள் தாழி குமரன் எண்டவர், இராசராசபுரம் எண்டு பெயர் மாற்றிய மாதோட்டத்தில் இராசராசேச்சரம் எண்டொரு கோயில் எடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல். அது இப்போது கொழும்பு நூதனசாலையில். அதற்குக் கொஞ்சம் முந்திய காலத்தைச் சேர்ந்த, மன்னார் கச்சேரித் தூண் எண்டு சொல்லப்படும் சிங்களக் கல்வெட்டு, விகாரைக்குச் சொந்தமான இந்தப் பக்கத்து ஊர்களைப் பற்றிப் பேசுகிறது. முதல் கல்லை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரைகளை நாங்கள் நிறைய வாசித்திருக்கிறோம், எழுதியும் இருக்கிறோம். இரண்டாவதை மட்டும் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சோழர் அனுராதபுரத்தைப் பிடித்து, தலைநகரம் பொலநறுவைக்குப் போன பிறகு மாந்தை மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. 11ஆம் நூற்றாண்டோடு பெரிய குடியிருப்பு முடிகிறது. இதைக் கேட்கும்போது கொஞ்சம் சிரிப்பும் வருது. எங்கள் பெருமைக்குரிய சோழர், எங்கள் பெருமைக்குரிய துறைமுகத்தின் வாடிக்கையாளர்களைக் கலைத்துவிட்டார்கள். ஆற்றின் மேல்தலையில் நகரம் இல்லை எண்டால் வாயில் துறைமுகம் எதற்கு? இரண்டும் ஒரே உயிர், ஒன்று போக மற்றதும் போனது.

திருக்கேதீச்சரத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை, அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், போர்த்துக்கேயர் இடித்தது, 1872இல் நாவலர் மீளக் கட்டக் குரல் கொடுத்தது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பாலாவியில் கால் கழுவிவிட்டு, கோயில் வாசலில் பிளேன்ரீ குடித்துவிட்டு, இரவு மன்னாரில் ஒரு கூட்டாளியின் சித்தி வீட்டில் படுத்தோம். அவ தந்த மீன்சொதியும் இடியப்பமும் இந்தப் பயணத்தின் ஒரே ஒழுங்கான சாப்பாடு.

அடுத்த நாள் முருங்கனுக்குத் திரும்பி, ஓட்டோ பிடித்துக் கட்டுக்கரைக் குளம். ஆங்கிலேயர் இதை இராட்சதக் குளம் எண்டார்கள். அருவி ஆற்றில் தேக்கம் எண்ட இடத்தில் பழைய கல்லணை. அங்கே மறித்த தண்ணீர் வாய்க்கால் வழியே இந்தக் குளத்துக்கு வருகிறது, இங்கிருந்து மன்னாரின் வயல்களுக்குப் போகிறது. தாதுசேனன் கட்டினான் எண்பது பலரின் கருத்து. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்து பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் சில வருசத்துக்கு முந்திக் குளத்தின் பகுதியில் அகழ்ந்தபோது, சுடுமண் உருவங்கள் கிடைத்தன. குளத்துக்கும் முந்தி அங்கே மக்கள் இருந்திருக்கிறார்கள்.

குளக்கட்டில் வைத்து ஓட்டோ அண்ணா சொன்னதைத்தான் இங்கே எழுத வேண்டும். "மேல மழை பெஞ்சா இங்க பயம், மேல மழை பெய்யாட்டிலும் இங்க பயம்" எண்டார். மேலே எண்டு அவர் கையைக் காட்டியது அனுராதபுரம் பக்கம். ஆற்றுக்கு மேலே நாச்சதுவ போல குளங்கள், கீழே கட்டுக்கரை. மேலே திறக்கும் கதவுக்கும் இங்கே விதைக்கும் நாளுக்கும் கணக்கு இருக்கு. கஹபதி, கப்பல்காரன் எண்டு நாங்கள் பிரசங்கம் செய்துகொண்டு வந்தோம், அவருக்கு அந்தத் தொடர்பு போகத்துக்குப் போகம் வந்துபோகிற விசயம்.

பிறகு அரிப்பு.

பாலத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் சன்னல் பக்கம் சாய்ந்தோம். மாசியில் ஆறு அகலமாய், களைத்துப் போன மாதிரி, மணல் திட்டுகளுக்கு நடுவே கிடந்தது. நொக்ஸ் வந்து சேர்ந்த கோட்டை சின்னது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் எடுத்தது. இப்போது உடைந்த சுவரும் மரவேரும். அங்கிருந்து கொஞ்சம் தெற்கே, கடலோரக் களிமண் மேட்டின் விளிம்பில் நிற்பதுதான் நாங்கள் முக்கியமாகப் பார்க்க வந்த கட்டடம்.

அதற்கும் இரண்டு பெயர். புத்தகத்தில் டொரிக். முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்குவதற்காகக் கட்டிய மாளிகை. கிரேக்கப் பாணித் தூண்கள் உள்ளதால் அந்தப் பெயர். ஊரில் அதன் பெயர் அல்லிராணிக் கோட்டை. அல்லி எண்டொரு அரசி குதிரைமலையில் இருந்து இந்தக் கரையை ஆண்டாள், முத்து அவளுடையது எண்டு கதை.

குதிரைமலை இன்னும் தெற்கே. உரோம வரிக்காரர் ஒருவரின் ஆள் அரபுக் கடலில் காற்றில் அடிபட்டுப் பதினைந்து நாளில் 'ஹிப்புரொஸ்' எண்ட துறையில் வந்து ஒதுங்கினான் எண்டு பிளினி எழுதியது இந்த இடம்தான் எண்பது பலரின் துணிபு, ஹிப்பொஸ் எண்டால் கிரேக்கத்தில் குதிரை. புறநானூற்றுப் பிட்டங்கொற்றனின் குதிரைமலையும் இதுதான் எண்டு சிலர் எழுதுவார்கள். அதை நாங்கள் நம்பவில்லை. அவன் சேரனின் ஆள், அந்த மலையைக் கொங்கு நாட்டில் தேடுவதுதான் நியாயம். பெயர் ஒத்துப்போனால் ஊரையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது எங்கள் பழக்கம்.

கோட்டையடியில் ஒரு ஐயா வலை பிரித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். எங்களில் அந்தத் துள்ளின ஆள் போய், "ஐயா, இது அல்லிராணி கட்டினது இல்ல, வெள்ளைக்காரன்ர பங்களா" எண்டு வகுப்பெடுக்கத் தொடங்கினான். ஐயா வலையில் இருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "தெரியும் தம்பி. வெள்ளைக்காரன் கட்டினான், முத்து அள்ளினான், போட்டான். குளிச்சது ஆர்? குளிச்ச ஆக்கள் அல்லிண்ட பேரைச் சொல்லாம அவன்ர பேரையா சொல்லுவினம்?"

அவனுக்குப் பதில் வரவில்லை. எங்களுக்கும் இல்லை.

உண்மையில் நோர்த் கட்டத் தொடங்கும்போதே முத்து குறையத் தொடங்கியிருந்தது. 1796 முதல் 1798 வரை மூன்று வருசம் அடுத்தடுத்துக் குளித்துக் கம்பெனி பெரிய காசு பார்த்தது. பார்கள் வெறித்துவிட்டன. பிறகு சில வருசம் வரும், பல வருசம் வராது. மாசி, பங்குனியில் கடல் அடங்கும்போது வெறும் மணல்கரையில் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்துப் பரவரும் முஸ்லிம்களும், பிற்காலத்தில் அரபுக் குளிகாரரும். சுறா அண்டாமல் மந்திரம் கட்டுவதற்குக் கடல்கட்டி எண்டொருத்தர் வேணும், அவர் இல்லாமல் ஒருத்தரும் இறங்க மாட்டார்கள், அதனால் அரசாங்கமே அவரை வைத்திருந்தது. கொண்டுவரும் சிப்பியை அரசாங்கக் கொட்டுக்குள் எண்ணி மூன்றாய்ப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு உயிரைக் கொடுத்துக் குளித்தவருக்கு. 1906இல் மறிச்சுக்கட்டியில் அந்தக் கொட்டில் மேற்பார்வைக்கு நின்றவர்களில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். அந்த வருசமே இருபது வருசக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனிக்குப் பார்களைக் கொடுத்தார்கள். பிறகு சிப்பி வராமல் போனது, கம்பெனி முறிந்தது. நோர்த்தின் பெயர் இருக்கு, வுல்ஃபின் பெயர் இருக்கு, சிப்பியை ஆராய 1902இல் வந்த ஹேர்ட்மனின் பெயர் இருக்கு. குளித்த ஒரு ஆளின் பெயரைச் சொல்லுங்கோ எண்டால் எங்கள் நோட்ஸ் முழுக்கத் தேடினாலும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் அல்லி வந்து இருந்திருக்கிறாள். அவள் இருந்தாளா இல்லையா எண்டு கேட்பதை நாங்கள் அதோடு விட்டோம்.

கட்டடத்தின் கடற்பக்கம் இப்போது இல்லை. மேடு கீழே இருந்து அரிபட, சுவர் துண்டு துண்டாய்க் கழன்று அலைக்குள் கிடக்கிறது. செங்கல்லுக்கு மேலே பூசிய சுண்ணாம்பில் இன்னும் ஒரு வழவழப்பு. தான் சின்னப் பொடியனாய் இருக்கும்போது அந்தச் சுவருக்கு அங்கால் வலை காயவிடும் அளவுக்கு நிலம் இருந்தது எண்டு ஐயா சொன்னார். நாங்கள் படமெடுத்தோம், அடியால் அளந்தோம், ஒருத்தி நின்றுகொண்டே தரைப்படம் கீறினாள். நாங்கள் நின்ற நேரத்திலேயே ஒரு கல் கழன்று விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.

புத்தளத்தில் வளர்ந்தவள் இதுவரை அதிகம் கதைக்கவில்லை. அவளுடைய ஆட்கள் பக்கத்துச் சிலாவத்துறை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, உம்மம்மா அவளின் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவ. முகாமில், ஓலைக் கொட்டிலுக்குள், பிள்ளைகள் நித்திரை கொள்ளாவிட்டால் அல்லிராணிக் கதைதான் சொல்வாவாம். அந்தக் கோட்டையை இவள் பார்ப்பது இதுதான் முதல் தரம். எங்கள் பாடத்திட்டத்தில் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கப்பல்காரனுக்கு ஒரு இருக்கை இருக்கு. 1990க்கு ஒரு பக்கமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் படிக்கும் எங்களில் மற்ற நாலு பேரும் அதைப் பற்றி அவளிடம் மூன்று வருசமாய் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. எழுத வெட்கமாய்த்தான் இருக்கு.

அவள் உம்மம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள். சிக்னல் வந்து வந்து போனது. "உம்மம்மா, கோட்டை பாருங்கோ" எண்டு போனைத் திருப்பிக் காட்டினாள். திரையில் முக்காடு போட்ட ஒரு முகம், கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. கோட்டையைப் பற்றி அவ ஒன்றும் கேட்கவில்லை.

"கிணறு இருக்கா புள்ள? வீட்டுக்குப் பின்னால, வேம்படிக் கிணறு?"

சிலாவத்துறைக்குப் போய் விசாரித்து விசாரித்து நடந்தோம். வீடு இருந்த இடத்தில் பற்றை. வேம்பு இல்லை. கிணறு இருந்தது, கட்டு உடைந்து, பாதி தூர்ந்து. பக்கத்து வீட்டு ராத்தா ஒரு வாளியும் கயிறும் தந்தா. தண்ணி கொஞ்சம் கலங்கல், வாயில் வைத்தால் உப்பு லேசாய்த் தெரிந்தது. முந்தி இது நல்ல தண்ணியாய் இருந்ததாம் எண்டு ராத்தா சொன்னா.

சோடாப் போத்தல் ஒன்றைக் கழுவி நிரப்பி, மூடியை இறுக்கி, அவள் பையின் ஓரத்தில் செருகிக்கொண்டாள். மன்னாருக்குப் போற கடைசி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிசம் இருந்தது.